மாதர் சங்கமும் வாக்காளர் பட்டியலும்



தில்லி மாநகரில் ஜங்புராவுக்கு அருகே, பாராபுல்லா என்னும் பழைய வாய்க்காலின் கரையில், மதராசி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்லவேண்டும். 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று அது இடிக்கப்பட்டுவிட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி இரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்தன. ஆண்கள் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் போவார்கள். பெண்கள் பொழுது விடியுமுன் எழுந்து, ஜங்புராவிலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும் வீடு பெருக்கி, பாத்திரம் துலக்கித் திரும்புவார்கள். மதராஸ் ராஜ்யம் 1969 ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஆயிற்று. மதராஸ் நகரமும் 1996 ஆம் ஆண்டில் சென்னை ஆயிற்று. ஆனால் வடக்கத்தியார் வாயில் நாம் மதராசிகளாகவே இருந்துவிட்டோம். அந்தக் குடியிருப்பின் பெயரும் கடைசிவரையில் மாறவில்லை.

2013 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் முதன்முதலாக அங்கே போனேன். தில்லிச் சட்டசபைத் தேர்தல் டிசம்பரில் வரவிருந்தது. பெயர் சேர்க்காதவர்கள் சேர்த்துக்கொள்ளவேண்டிய காலம். எங்கள் பேட்டையைச் சேர்ந்த நாலைந்து தமிழ்ப் பெண்மணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சென்று படிவம் நிரப்பித் தருவதென்று முடிவு செய்தோம். எனக்கு உத்தியோகம் மொழிபெயர்ப்பு. ஆங்கிலமும் இந்தியும் தமிழுமாகக் காகிதங்களோடேயே காலம் கழிப்பவளாதலால், படிவம் என்றால் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் ஒரு நாளும் பாடம் நடத்தியவளல்லள். ஆயினும் அங்குள்ளவர்கள் என்னை 'டீச்சரம்மா' என்றே அழைக்கலாயினர்.

அன்று ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்தார். தம் பெயரை உரக்கச் சொன்னார். ஊரைச் சொன்னார். கணவர் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மாள் பேசவில்லை. "அவரு பேர நான் எப்பிடிம்மா வாயால சொல்லுவேன்?" என்றார் சற்றுப் பொறுத்து. பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்த முருகனைச் சுட்டிக் காட்டி, "இந்தச் சாமி நிக்கிற மலை" என்றார். "பழனியா, பாட்டி?" என்று நான் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரை அந்நியரிடம் சொல்ல மறுத்தார்கள். 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மனைவி' என்று மட்டுமே எழுதச் சொன்னார்கள். அப்பொழுது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், பெயரில்லாத வாக்காளர் இருக்கமுடியாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்டது. எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை. முடிவில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1951 அக்டோபரில் தேர்தல் தொடங்கியபோது, வாக்குரிமை இருந்தும் வாக்களிக்க முடியாதவர்களாக அவர்கள் நின்றார்கள். அங்கே தன் பெயரைச் சொல்ல நாணம். நம்மிடையே கணவன் பெயரைச் சொல்ல நாணம். நம் வழக்கத்தால் வோட்டுப் போகவில்லை. அவர்கள் வழக்கத்தால் போயிற்று. இதிலே நாம் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. படிவத்தை அச்சடித்தவன் எந்தக் கேள்வியை முதலில் கேட்டான் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

பெண்ணுக்கு வோட்டு வேண்டும் என்று இந்நாட்டில் முதலில் கேட்டவர்கள் யார், கேட்டு வாங்கிய பின்பு அதை எப்படிப் பயன்படுத்தக் கற்பித்தார்கள் என்பதை அறிய அன்றுதான் எனக்கு ஆவல் பிறந்தது. தேடிப் பார்த்தபொழுது அந்தக் கதை தில்லியில் தொடங்கவில்லை. சென்னையில் அடையாற்றில் தொடங்கியது.

1917 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் தேதி அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் நிறுவப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் முதல் தலைவி. டாரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ், மாலதி பட்வர்த்தன், அம்மு சுவாமிநாதன், அம்புஜம்மாள் முதலானோர் தொடக்க நாட்களிலேயே அதில் ஈடுபட்டவர்கள். இவர்களுள் மார்கரெட் கசின்ஸ் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

அவர் அயர்லாந்துக்காரர். 1908 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். வாக்குரிமைக்காகக் கிளர்ச்சி செய்து 1910 ஆம் ஆண்டில் லண்டன் ஹாலோவே சிறையிலும், 1913 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டல்லமோர் சிறையிலும் இருந்தவர். 1915 ஆம் ஆண்டில் கணவருடன் இந்தியா வந்து மதனப்பள்ளியில் தங்கினார். அங்கே உள்ளூர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சமாஜம் அமைத்தார். அதன் பெயர் அபலா அபிவர்த்தினி சமாஜம். 'அபலை' என்றால் பலமில்லாதவள். பலமில்லாதவர்களை முன்னேற்றும் சபை என்பது பொருள். சிறையில் கிடந்து திரும்பிய ஒருவர் தலைமையில், பெண்களே கூடிய சபைக்கு இப்படி ஒரு பெயர்! 1917 ஆம் ஆண்டு அடையாற்றில் அமைந்த சங்கத்தின் பெயரில் அபலை இல்லை. இந்திய மாதர் என்று மட்டும் இருந்தது. மொழிபெயர்ப்பாளராகிய எனக்கு இந்தப் பெயர் மாற்றம் அவர்கள் போட்ட எத்தனையோ தீர்மானங்களைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி அளிக்கப்படும் என்று இந்தியா மந்திரி மாண்டேகு அறிவித்தார். பின்னர் நேரிலேயே புறப்பட்டு வந்து, வைசிராய் செம்ஸ்போர்டுடன் ஊர் ஊராகச் சென்று பலதரப்பட்டவர்களைக் கண்டார். கசின்ஸ் அம்மையார், பெண் கல்வியைப் பற்றிப் பேச நேரம் கேட்டு எழுதினார். அரசியல் சீர்திருத்தம் சம்பந்தமான விஷயங்களுக்கு மட்டுமே பேட்டி தரப்படும் என்று பதில் வந்தது. வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். அம்மையாரோ, அப்படியானால் அரசியலையே பேசுவோம் என்று மனுவைத் திருத்தி எழுதிவிட்டார். கல்வி கேட்கப் போனவர்கள் வோட்டுக் கேட்கப் போனது இப்படித்தான். 1917 டிசம்பரில் சென்னையில், சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் பெண்களின் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது. 'மக்கள்' என்று சட்டம் எழுதும்போது பெண்களையும் அந்தச் சொல்லில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம்.

நல்ல வேளையாக 'மக்கள்' என்ற தமிழ்ச் சொல்லில் பெண்ணும் அடங்குகிறாள். ஆனால் அலுவலகத் தமிழில் நாள்தோறும் புழங்கும் 'குடிமகன்' என்ற சொல்லில் அடங்குவதில்லை. ஒரு முறை நான் 'குடிமகள்' என்று எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் அதை எழுத்துப் பிழை என்று கருதித் திருத்தி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அகராதி அவர் பக்கம் இருந்தது.

தூதுக்குழுவின் வேண்டுகோள் உடனே பலிக்கவில்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, பழமையில் ஊறிய இந்தச் சமூகத்தில் பெண்ணுக்கு வோட்டளிக்கக் காலம் கனியவில்லை என்று முடிவு கட்டியது. சங்கத்தார் விடவில்லை. பம்பாயிலிருந்து ஹேராபாய் டாட்டா அம்மையாரும் அவர் மகள் மிதானும் லண்டனுக்கே சென்று வாதாடினார்கள். முடிவில் 1919 ஆம் ஆண்டுச் சட்டம், பாரத்தை மாகாணச் சட்டசபைகளின் தலையில் இறக்கி வைத்தது. விரும்பிய சபை தீர்மானம் போட்டுப் பெண்களுக்குள்ள தடையை நீக்கிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் மாகாணங்களுள் முதலில் அந்தத் தடையை நீக்கியது சென்னைச் சட்டசபை; ஆண்டு 1921, நீதிக்கட்சியின் ஆட்சிக்காலம். அதே ஆண்டில் பம்பாயும் பின்தொடர்ந்தது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இதைச் சொல்லும்பொழுது நாம் சற்று நிதானிக்க வேண்டும். சென்னை மாகாணத்துப் பெண்ணெல்லாம் வோட்டுப் பெற்றுவிட்டதாக எண்ணிவிடலாகாது. சொத்தும் வரியும் உள்ளவருக்கே அன்று வாக்குரிமை. ஆண்களிலேயே பெரும்பாலோருக்கு அது இல்லை. பெண்ணின் பெயரில் நிலமோ வீடோ எத்தனை குடும்பங்களில் இருந்தது? வயது வந்த பெண்களில் நூற்றில் ஒருவர் என்ற அளவிலேயே பட்டியலில் ஏற முடிந்தது. மதராசி கேம்ப்புப் பெண்களின் கொள்ளுப்பாட்டிகள் அந்த நூற்றில் ஒருவராக இருந்திருக்க வழியில்லை.

சங்கம் வோட்டுக் கேட்டதோடு நில்லாமல் செய்த வேலைதான் எனக்கு அதிக மதிப்புடையதாகப் படுகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் கிளைகள் தோன்றின. பிற்பகலில், வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில், பெண்கள் கூடுவார்கள். எழுத்துக் கற்பார்கள், தையல் கற்பார்கள், முதலுதவி கற்பார்கள், பொது விஷயங்களைப் பற்றி யாராவது பேசக் கேட்பார்கள். நகரசபைகளிலும் கல்விக் குழுக்களிலும் பெண்களை நியமிக்கச் சொல்லி மனுக்கள் எழுதுவார்கள். 1922 ஆம் ஆண்டில் கசின்ஸ் அம்மையாரே இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டாக நியமனம் பெற்றார். சங்கம் 1918 முதல் நடத்திய பத்திரிகைக்கு 'ஸ்திரீ தர்மம்' என்று பெயர். பெண்ணின் கடமையைச் சொல்லும் பழைய சொல்லை எடுத்து, பெண்ணின் உரிமையைப் பேசும் பத்திரிகைக்கு வைத்தார்கள். ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் அதில் இடம்பெற்றன. வெள்ளைக்காரப் பெண்மணிகள் முன்னின்று தொடங்கிய ஒரு ஸ்தாபனம், உள்ளூர் மொழியில் எழுதாவிட்டால் உள்ளூர்ப் பெண்ணிடம் போய்ச்சேர முடியாது என்பதை அத்தனை சீக்கிரம் உணர்ந்தது வியப்பே. இன்றைக்கும் எத்தனையோ அறிவிக்கைகள் அந்த உணர்வின்றி என் மேசைக்கு வருகின்றன.

குறையும் இல்லாமலில்லை. சங்கத்தின் கிளைகளில் கூடியவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பெண்களே. அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண் அந்தப் பிற்பகல் வகுப்புக்கு வந்தாளா என்று பத்திரிகையின் பக்கங்கள் நமக்குச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒப்பான ஓர் இயக்கம் உண்டு. அங்கே பெண்களுக்கு வாக்குரிமையளிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1920 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே, பிப்ரவரியில், சிகாகோ நகரில் பெண் வாக்காளர் கழகம் உருவாகிவிட்டது. கேரி சாப்மன் கேட் என்னும் அம்மையார் அதைத் தோற்றுவித்தவர். வோட்டு வரப்போகிறது, புதிய வாக்காளருக்கு அதைப் பயன்படுத்தக் கற்பிக்க வேண்டும், எந்தக் கட்சியின் சார்பாகவும் நிற்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. அங்கே நாடு முழுவதற்குமான உரிமை ஒரே தவணையில் சட்டத்தில் வந்தது. பயிற்சி கூடவே வந்தது. சட்டத்தில் வந்தது என்று அழுத்திச் சொல்கிறேன். தென் மாநிலங்களில் இருந்த கறுப்பினப் பெண்களுக்கு அது கைக்கு எட்டுவதற்கு 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மிடத்தில் பயிற்சி முதலில் தொடங்கியது. உரிமை துண்டு துண்டாக வந்தது.

அண்டையிலுள்ள இலங்கையின் கதை வேறு. அங்கே 1927 ஆம் ஆண்டில் மாதர் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்கள் எதிர்த்தும், 1931 ஆம் ஆண்டிலேயே இருபத்தொரு வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நமக்கு இருபதாண்டு முன்னோடி என்று அவர்களைப் பாராட்டலாம். ஆனால் சுதந்திரம் வந்தவுடன், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத்தாலும், தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் தமிழ்ப் பெண்கள் பட்டியலிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஏறிய பெயர் இறங்கவும் கூடும்.

சென்னைக்குத் திரும்புவோம். 1921 இல் வோட்டு வந்ததே தவிர, பெண் சட்டசபையில் உட்காரும் உரிமை 1926 ஆம் ஆண்டில்தான் வந்தது. அவ்வாண்டே கமலாதேவி சட்டோபாத்தியாயா மங்களூரில் அபேட்சகராக நின்று, சொற்ப வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டு, சங்கத்தின் முயற்சியால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமனம் பெற்றார். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். நோயாளிகளை விட்டுவிட்டுச் சபைக்குப் போவதா என்று அவர் முதலில் தயங்கினார். போனதும் சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்கே போராடியதும், 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்ததும், அவ்வை இல்லம் கண்டதும் நேயர்கள் அறிந்த செய்திகள். அவற்றை விடுத்து, அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்.

1930களின் தொடக்கத்தில், புதிய அரசியல் சட்டத்தில் பெண்களுக்கு எந்த அடிப்படையில் வோட்டளிப்பது என்ற கேள்வி எழுந்தது. சொத்துள்ளவனின் மனைவிக்கு வோட்டுக் கொடுக்கலாம் என்று லோதியன் குழு யோசனை கூறியது. எண்ணிக்கை பன்மடங்கு பெருகும். ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் மாதர் சங்கமும், அதனின்று கிளைத்த அகில இந்திய மாதர் மாநாடும், தேசிய மாதர் கவுன்சிலும் ஒருமுகமாக அதை மறுத்தன. மனைவி என்பதற்காக வரும் உரிமை உரிமையன்று. வயது வந்தோர் அனைவருக்கும் கொடுங்கள் என்றன. 1933 ஆம் ஆண்டில் லண்டனுக்குச் சென்று இதை வாதாடியவர் மூவர்: ராஜகுமாரி அம்ருத் கௌர், பேகம் ஹமீத் அலி, நம் முத்துலட்சுமி ரெட்டி. கேட்டது கிடைக்கவில்லை. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி என்ற தகுதியையும் எழுத்தறிவுத் தகுதியையும் வைத்தே சுமார் 60 லட்சம் பெண்களுக்கு வோட்டளித்தது. சில மாகாணங்களில், பெண் தானாக விண்ணப்பித்தாலொழியப் பெயர் ஏறாது என்ற விதியும் இருந்தது. பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களும் வேண்டாம் என்று அன்று அவர்கள் சொன்னதை, 2023 ஆம் ஆண்டில் மூன்றிலொரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது நான் நினைத்துக்கொண்டேன். எது சரி? அவர்கள் தன்மானம் பெரிது. ஆனால் அந்தத் தன்மானத்துக்கு அறுபது லட்சம் பேரின் காத்திருப்பை விலையாக வைக்க அவர்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார் என்ற ஐயமும் எனக்குத் தீரவில்லை.

கசின்ஸ் அம்மையாரை நாம் பாதியில் விட்டுவிட்டோம். 1932 ஆம் ஆண்டில், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டத்தைக் கண்டித்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மாஜிஸ்திரேட்டாக இருந்தவரே கைதியானார். மூன்றாவது நாட்டின் சிறையையும் பார்த்தார். 1954 ஆம் ஆண்டில் அடையாற்றில் மறைந்தார்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது பின்னர் அரசியல் நிர்ணய சபையில் கிடைத்தது. தில்லியில் கூடிய அந்தச் சபையில் பெண்கள் பதினைந்து பேர். அவர்களுள் ஒருவர் அம்மு சுவாமிநாதன். 1917 இல் அடையாற்றில் சங்கம் தொடங்கியபோது உடனிருந்த அதே அம்மு. பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் பிறந்து, பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். 1949 நவம்பரில் அவர் ஆற்றிய உரையில் ஒரு குறை கூறினார்: அரசியல் சட்டம் இத்தனை பெரிய புத்தகமாக ஆகிவிட்டதே, கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளத்தக்க சிறு நூலாக இருக்குமென்றல்லவா நினைத்தேன் என்றார். சட்டங்களைத் தமிழாக்கும் பொழுதெல்லாம் நான் அந்தக் கைப்பையை எண்ணிக்கொள்வதுண்டு. 1952 இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் அவர் வந்தார்.

அந்தச் சட்டத்தின் 326 ஆவது பிரிவுதான் 2013 இல் என்னை மதராசி கேம்ப்புக்கு அழைத்துச் சென்றது. அங்கே இன்னொரு சங்கடமும் கண்டேன். தமிழ்ப் பெயரை இந்தியில் எழுதுவது எளிதன்று. நம் ழகரம் அங்கில்லை. ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். வகரம் பகரமாகும், வள்ளி பல்லியாவாள். குடும்ப அட்டையில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பட்டியலில் மற்றொரு விதம் என்று ஒரே பெண் மூவராகப் பிரிந்து நிற்பாள். நாங்கள் ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்த்து எழுதினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அது நடந்தது.

மூன்றாவது ஞாயிறு மாலை, நாங்கள் எழுந்திருக்கும் சமயத்தில், கணவரை இழந்த ஓர் அம்மாள் வேலையிலிருந்து ஓட்டமாக வந்தார். காகிதங்களைக் காட்டினார். ஒன்றில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர், வயதும் ஒத்துவரவில்லை. இருட்டிவிட்டது. வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். "இதெல்லாம் சரிசெய்ய நாளாகும், அக்கா. அடுத்த தேர்தலுக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். "சரிங்க டீச்சரம்மா" என்று அவர் காகிதங்களை மடித்து மீண்டும் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எனக்கு வேலைப்பளு. நான் அந்தப் பக்கம் போனது குறைந்துவிட்டது. அந்த அம்மாளின் பெயர் 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் ஏறியது. 2019 இலும், 2020 இலும், 2024 இலும், 2025 பிப்ரவரியிலும் அவர் வாக்களித்தார். விரலில் மையைக் காட்டிச் சிரிப்பார்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருவதால் கரையோரக் குடியிருப்பை அகற்றவேண்டும் என்று 2025 மே மாதத்தில் தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியுடையவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு. தகுதி எதைக் கொண்டு? தில்லி அரசின் 2015 ஆம் ஆண்டுக் குடிசை மாற்றுக் கொள்கையில் அது வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஏதேனும் ஒன்றில் பெயர் இருக்கவேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டிலும் இருக்கவேண்டும். இது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. வோட்டுப் போடுவதற்காக நாங்கள் எழுதிய பெயர்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்குச் சாட்சியாக நின்றன. அங்கே இருந்த 370 குடிசைகளில் முதற் கணக்கில் 189 குடும்பங்களே தகுதி பெற்றன. பிறகு சில சேர்ந்தன. நாட்காட்டியில் முருகனைக் காட்டிய பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். அவர் மகனுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. 2018 இல் பெயர் ஏறிய அந்த அம்மாளுக்குக் கிடைக்கவில்லை.

இடிபட்ட பத்தாம் நாளோ என்னவோ அவரைச் சந்தித்தேன். ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்திருந்தது. அவருக்கு ஊரில் வீடில்லை. வேலை செய்யும் வீடுகள் இங்கேதான் இருக்கின்றன. இருவர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நான் அந்த 2013 ஆம் ஆண்டு மாலையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவருக்கு அது நினைவில்லை. "நீங்க எத்தன பேருக்கு எழுதிக் குடுத்தீங்க, எனக்கு எங்க ஞாபகம்" என்றார். நினைவிருந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அது இலகுவாக இருந்திருக்கும்.

முகவரி மாற்றத்துக்கு எட்டாம் எண் படிவம். வாடகைக்கு விட்டவர் ரசீது தர மறுத்துவிட்டார். வேறு அத்தாட்சிக்காக இரண்டு வாரங்கள் அலைந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு அவரே வந்து, சமையலறை வாயிலில் உட்கார்ந்துகொண்டார். நான் கைபேசியில் படிவத்தைத் திறந்தேன். பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும், அவர் எழுந்து என் தோளருகே நின்று பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தம் பெயரின் உருவம் தெரியும். அவர் பெயரில் ஒரு ளகரம் உண்டு. இந்திக்காரர் வழக்கமாக எழுதுவதில்லையென்றாலும், தேவநாகரியில் அதற்கு ஓர் எழுத்து இருக்கிறது; மராத்தியர் எழுதுகிறார்கள். அதைத் தேடி எடுத்துப் போட்டேன். அப்புறம் பழைய பட்டியலில் லகரம்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். அழித்துவிட்டு லகரத்தையே எழுதினேன்.

"அதுவே இருக்கட்டும், டீச்சரம்மா" என்றார். "பேரு கூப்பிடும்போது நான் எந்திரிச்சுக்கிறேன்."